எங்கேயோ பார்த்த முகம்: எங்கள் படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வடபழனிக்கும் வளசரவாக்கத்துக்கும் அலைகிறேன். தயாரிப்பாளர்கள், நடிகைகள், ஷூட்டிங்குக்கு வீடு தருவதாகச் சொல்லிவிட்டுக் கதையைக் கேட்டதும் "பெயின்ட் அடிக்கப் போறோம் தம்பி" என்று நழுவிய ஒரு மாமா, என் சித்தி என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். டீக்கடையில் நின்று பதில் சொல்லியே தொண்டை வற்றிவிட்டது. இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று எழுதுகிறேன்.

கதைதான் என்ன?

கதாநாயகிக்கு 58 வயது. 1999 முதல் 2003 வரை காலைக் காட்சிப் படங்களில், அதாவது 'அந்த மாதிரி' கவர்ச்சிப் படங்களில் நடித்தவர். அப்புறம் ஒரு நாள் போதும் என்று நிறுத்திவிட்டு, இரண்டு டில்டிங் கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். இருபது வருஷமாக அதுதான் தொழில். சாலிகிராமத்தில் அவர் இருந்த பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், அதனால் நங்கநல்லூரில் ஒரு அடுக்குமாடியின் தரைத்தளத்துக்கு வாடகைக்கு வருகிறார். வந்த மூன்றாம் நாள் சங்கச் செயலாளருக்கு அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. படம் அங்கே தொடங்குகிறது.

இதில் காமெடி எங்கே வருகிறது?

எங்கே பார்த்தோம் என்று ஞாபகம் வந்த நிமிஷத்தில் செயலாளர் வாயை மூடிக்கொள்கிறாரே, அதில்தான் மொத்தக் காமெடியும். "அந்தம்மா யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் வரும், அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே வரும். இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எதிர் ஃபிளாட்டில் கணக்கு டியூஷன் சார், கீழே இஸ்திரி போடுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறார்கள். யாராவது இன்னொருத்தன் முதலில் சொல்லட்டும், நாம் "அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள்.

சங்கக் கூட்டம் ஒன்று இருக்கிறது, எழுதும்போது நானே சிரித்த ஒரே காட்சி. தண்ணீர் லாரி பணம், லிஃப்ட் சர்வீஸ், இதர விஷயங்கள் என்று மூன்று தலைப்பு. இதர விஷயங்களுக்கு வந்ததும் எல்லா ஆண்களும் தரையைப் பார்க்கிறார்கள். அவரைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் வேண்டும், நோட்டில் எழுதவும் வேண்டும். அரை மணி நேரம் யோசித்து, கிரைண்டர் சத்தம் அதிகம் என்று எழுதுகிறார்கள். அதற்குள் அவர்கள் மனைவிமார் எல்லோரும் அந்த மாவுக்குப் பழகிவிட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஏன் நங்கநல்லூர்?

எங்கள் பாட்டி வீடு அங்கே இருந்தது என்பது ஒரு காரணம். தெருவுக்கு ஒரு கோயில், 32 அடி ஆஞ்சநேயர், காலையில் வடை மாலையோடு வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னொரு காரணம் ரயில். நங்கநல்லூர்க்காரர்களுக்கு ஸ்டேஷன் பழவந்தாங்கல். அடுத்த ஸ்டேஷன் பரங்கிமலை. அந்த மாதிரிப் படங்கள் ஓடிய பரங்கிமலை ஜோதி தியேட்டர் என்று சொன்னாலே நாற்பது வயதைத் தாண்டிய சென்னை ஆண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் கதையில் வரும் மாமாக்களுக்கு அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் ரொம்பக் கிட்டே, அதனால் ஆபத்து. தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவான் என்று கிண்டி வரைக்கும் போய், எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்து இறங்கியவர் ஒருவர் படத்தில் உண்டு. மதிய வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த ஊரில் எவ்வளவு வசதி பாருங்கள்.

அவர் நிஜமாகவே "அடல்ட்" பட நடிகையா? இல்லை கவர்ச்சி நடிகையா?

இங்கேதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1988இல் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு அங்கே அப்படிப் படம் எடுப்பதை விபசாரச் சட்டத்தில் போட முடியாமல் போனது, லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஒப்பந்தம், விருது விழா, ஓய்வு பெற்றதும் சுயசரிதை, எல்லாம் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு தொழில் சட்டப்படி இருந்ததே இல்லை. இங்கே இருந்தது காலைக் காட்சிப் படம். 2000இல் மலையாளத்தில் வந்த 'கின்னாரத்தும்பிகள்' ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் அந்த அலை அடித்தது. சில லட்சத்தில், சில நாளில் எடுத்து, தமிழ், தெலுங்கு, இந்தி என்று டப் செய்து நாடு முழுக்க ஓட்டினார்கள். போஸ்டரில் இருந்தது படத்தில் இருக்காது. படத்தில் இருந்தது முக்கால்வாசி ஒரு நைட்டி, ஒரு ஆயில் மசாஜ், ஒரு குளியல், நிறைய மின்விசிறி ஷாட்.

எங்கள் கதாநாயகி அந்த நைட்டி வரைக்கும் நடித்தவர். அதற்கு மேல் அவர் நடிக்கவில்லை. ஆனால் ஊர் பார்த்தது அதற்கு மேல். எப்படி என்பதற்கு அடுத்த கேள்வி.

"பிட்டு" என்பது என்ன? இந்தத் தலைமுறைக்குத் தெரியாதே.

தெரியாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது. படம் சென்சாருக்குப் போகும்போது சுத்தமாகப் போகும், 'ஏ' சான்றிதழோடு திரும்பி வரும். தியேட்டருக்கு ரீல் பெட்டி வந்த பிறகு, அதில் இல்லாத சில நிமிட ஃபிலிம் தனியாக வரும். ஆபரேட்டர் அதை நடுவில் ஒட்டி ஓட்டுவார். போலீஸ் வருகிறது என்று தகவல் வந்தால் கழற்றிவிடுவார். சான்றிதழ் கொடுத்த பிறகு படத்தில் எதைச் சேர்த்தாலும் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஆனாலும் நடந்தது. அந்தத் துண்டுதான் பிட்டு. அது பெரும்பாலும் அந்தப் படத்துக்காக எடுத்ததே இல்லை. வெளிநாட்டுத் துண்டாக இருக்கும், வேறு எவளோ ஒரு பெண்ணை வைத்து ஒரு ராத்திரியில் எடுத்ததாக இருக்கும். முகம் தெரியாமல் எடுத்து, முன்னாலும் பின்னாலும் கதாநாயகியின் முகத்தை ஒட்டிவிட்டால் போதும், இருட்டில் உட்கார்ந்திருக்கிறவன் மீதியைத் தானே சேர்த்துக்கொள்வான்.

ஆக இருபத்தைந்து வருஷமாக நங்கநல்லூர் மாமாக்கள் மறக்காமல் வைத்திருப்பது எங்கள் கதாநாயகியின் முகத்தையும், யாரோ ஒருத்தியின் உடம்பையும். படத்தின் பாதியில் இதை அவரே சொல்கிறார், மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. செயலாளருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. இருபத்தைந்து வருஷம் குற்ற உணர்ச்சியோடு சுமந்தது வேறு ஆளாம்!

சரி, இரண்டாம் பாதி?

அந்த யாரோ ஒருத்தியைத் தேடிப் போகிறார். யாரும் கேட்காமலே நான் நிறையப் பேசுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் படம் எடுக்க ஆசைப்பட்டதே இதற்காக.

அவரிடம் இருக்கும் துப்பு ஒன்றே ஒன்று: பிட்டில் வந்த பெண்ணின் இடது தோளில் ஒரு அம்மைத் தழும்பு. மாமாக்களைத் தவிர அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் உலகத்தில் யாரும் இல்லை, அதனால் அவர்களிடமே விசாரிக்க வேண்டியிருக்கிறது. வங்கி அதிகாரி நோட்டு எடுத்துக் குறித்துக் காட்டும் அளவுக்குத் துல்லியமாகச் சொல்கிறார், சொல்லி முடித்ததும்தான் மனைவி காபியோடு பின்னால் நிற்பது தெரிகிறது. இப்படி மானத்தை விட்டு ஆளுக்கு ஒரு தகவல் கொடுக்க, கடைசியில் மூன்று மாமாக்களும் கதாநாயகியும் ஒரு ஷேர் ஆட்டோவில் கோடம்பாக்கம், விருகம்பாக்கம் என்று சுற்றுகிறார்கள். பழைய ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட், லேப் மூடிய பிறகு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், கண் பார்வை மங்கிப்போன ஒரு ஆபரேட்டர். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது அந்தத் தொழிலே கலைந்துபோனது, ஆட்கள் மட்டும் அதே தெருக்களில் இருக்கிறார்கள்.

கண்டுபிடிக்கிறார்களா? கண்டுபிடிக்கிறார்கள், அது பெரிய ரகசியம் இல்லை. அந்தப் பெண்ணும் இப்போது ஐம்பதைத் தாண்டியவள், கண்ணகி நகரில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். கதாநாயகி "உன்னால எனக்குக் கெட்ட பேரு" என்று சொல்ல வாயெடுக்கும்போது அவள் முந்திக்கொண்டு, "உனக்காவது பேருன்னு ஒண்ணு கிடைச்சுதேக்கா" என்கிறாள். ஒரு ராத்திரிக்கு அவளுக்குக் கொடுத்தது ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பேட்டாவும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். என்ன படம் என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

சில்க் ஸ்மிதா கதையா?

இல்லை. நூறு பேராவது கேட்டுவிட்டார்கள். 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயர்தான் அவருக்கு ஒட்டிக்கொண்டது, அடுத்த பதினாறு வருஷத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் நடித்து 1996 செப்டம்பரில் இதே சென்னையில் இறந்துபோனார். நான் சொல்லும் காலைக் காட்சி அலை அதற்குப் பிறகு வந்தது. அவர் முன்னணி இயக்குநர்களின் படங்களில் நடித்த நடிகை. அவரையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டுவதே எங்கள் படத்து மாமாக்கள் செய்யும் வேலைதான்.

அப்படியென்றால் யாருடைய நிஜக் கதை? பெயரைச் சொல்லுங்கள், வெளியே சொல்ல மாட்டோம்.

யாருடையதும் இல்லை. பலரிடம் பேசினேன், பேசும்போதே உங்கள் வாழ்க்கையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மரியாதை ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்ற வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையைச் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, பொது ஆவணங்களில் இருப்பதை மட்டும் எழுதலாம். ஓய்வுபெற்று மாவு அரைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து மறுபடியும் திரையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

சூப்பர் டீலக்ஸ் மாதிரியா? ஏதோ இங்கிலீஷ் படக் காப்பி என்றும் சொல்கிறார்களே?

2019இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஒரு பையன் திருட்டுத்தனமாகப் பார்க்கும் படத்தில் தன் அம்மாவையே பார்த்துவிடுவான், ரம்யா கிருஷ்ணன் நடித்தது. அந்தக் கோபமும் வலியும் வேறு. எங்கள் படத்தில் பிள்ளை கிடையாது, அம்மா என்ற மன்னிப்பும் கிடையாது. இங்கிலீஷ் என்றால் 'ரெட் ராக்கெட்', ஷான் பேக்கர் 2021இல் எடுத்தது. ஓய்ந்துபோன ஒரு ஆண் நட்சத்திரம் டெக்சஸில் சொந்த ஊருக்குத் திரும்பி வருவான். பிரமாதமான படம். ஆனால் அவன் தன் பழைய தொழிலைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிகிற ஆள். நம் ஊரில் ஒரு பெண் பீற்றிக்கொள்ள முடியுமா? வீடே கிடைக்காது. அந்த ஒரு வித்தியாசத்திலேயே கதை வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

"அந்த மாதிரி" காட்சிகள் உண்டா?

கிடையாது. கேட்கிற ஆர்வத்தைப் பார்த்தால் டிக்கெட் விற்கும் என்று தோன்றுகிறது, ஆனாலும் கிடையாது. பழைய படத் துண்டுகள் என்று நாலைந்து இடத்தில் வரும், அவற்றை நாங்களே எடுக்கிறோம்: சிவப்பு சோஃபா, பிளாஸ்டிக் ரோஜா, ஒயர் இல்லாத டெலிஃபோன், காரணமே இல்லாமல் முகத்துக்குப் போகும் ஜூம். எங்கள் ஒளிப்பதிவாளருக்கு அந்த மோசமான லைட்டிங்கைக் கொண்டுவரத்தான் அதிகக் கஷ்டம்.

சென்சாரில் பிரச்சினை வராதா?

வரலாம். சென்சார் அலுவலகம் இருக்கும் சாஸ்திரி பவனுக்குப் போகாமல் எதுவும் சொல்ல முடியாது. 'யூ', 'ஏ' இரண்டு மட்டும் இருந்த காலம் போய் 1983இல் 'யூஏ' வந்தது, 2023 சட்டத் திருத்தம் அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது. எங்களுக்கு 16+ கிடைத்தால் கோயிலுக்கு வடை மாலை சாத்துவதாக என் தயாரிப்பாளர் வேண்டியிருக்கிறார். 'ஏ' கொடுத்தால் டிவியில் அப்படியே போட முடியாது, அதற்குத் தனியாக வெட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும், சேட்டிலைட் பணம் அங்கேயே பாதி போய்விடும். ஒத்துவராவிட்டால் மேல்முறையீடு செய்ய முன்பெல்லாம் ஒரு தீர்ப்பாயம் இருந்தது, 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். எங்கள் பட்ஜெட்டுக்கு வக்கீல் ஃபீஸே ஒரு ஷெட்யூல் ஷூட்டிங் செலவு.

வேடிக்கை என்னவென்றால் இதுவரை எங்களை அதிகம் அலைய வைத்தது ஒரு மாடு. தெருவில் மாவு வாளியை முட்டித் தள்ளும் ஒரு மாடு வருகிறது, அதற்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டு பெண்களைப் பற்றி இத்தனை பேசுகிற படத்துக்கு ஒரு மாட்டின் சம்மதக் கடிதம்தான் முதலில் கிடைக்கப்போகிறது.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

பெண்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஆண்கள் குடும்பத்தோடு வந்தால் யார் எந்த இடத்தில் முதலில் சிரிக்கிறார்கள் என்று பக்கத்து சீட்டில் கவனிப்பார்கள், அது உங்கள் பொறுப்பு.

ஜனங்கள் இப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தை ஏற்பார்களா என்ற கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். 'குக்கு வித் கோமாளி' இரண்டாவது சீசனில் அந்தக் 'கின்னாரத்தும்பிகள்' நாயகி ஷகீலா வந்தபோது என்ன நடந்தது? அந்தப் பெயரை ஒரு காலத்தில் கிசுகிசுத்துச் சொன்ன அதே வீடுகள் அவரை அம்மா என்று கூப்பிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அம்மாவாக்கினால்தான் ஏற்போமா என்ற உறுத்தலும் எனக்கு இருந்தது. எங்கள் கதாநாயகியை மாவு வாங்க வரும் சின்னப் பையன் "அம்மா" என்று கூப்பிடும்போது, "கடைக்காரம்மான்னு கூப்பிடு, போதும்" என்பார்.

பழைய பிட்டுகள் இப்போது நெட்டில் இருக்குமே, அதைப் பற்றிப் படம் எதுவும் சொல்லவில்லையா?

ஒரு காட்சி இருக்கிறது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், இப்படிப்பட்ட படமோ வீடியோவோ இருப்பதாகச் சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள், முகத்தை மாற்றி ஒட்டியதற்கும் அது பொருந்தும். அதைக் கேள்விப்பட்டு அவர் சைபர் கிரைமுக்குப் போகிறார். சின்ன வயது பெண் எஸ்.ஐ., தங்கமான பெண், "லிங்க் கொடுங்கம்மா" என்கிறாள். கொடுக்கிறார். "இதுல இருக்கறது நீங்கதானேம்மா?" முகம் நான், உடம்பு நான் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அங்கிருந்துதான் அந்த இன்னொருத்தியைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது, புகாரில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா.

யார் நடிக்கிறார்கள்?

கையெழுத்தானதும் சொல்கிறேன். கதை கேட்டவர்களில் மூன்று பேர் கண் கலங்கி, கட்டிப்பிடித்து, அருமை என்று சொல்லி, போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் அந்த டூப் வேஷத்தைக் கொடுப்பதானால் வருகிறேன் என்றார். அவரைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? (சித்தி கேட்டது)

சொல்லிவிட்டேன் சித்தி. முழுக்கக் கேட்டுவிட்டு, "மாவுல வெந்தயம் எவ்வளவு போடறான்னு சரியா காமி, தப்பா காமிச்சா யாரும் நம்ப மாட்டா" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாக்கிங் போனார்.

படத்துக்கு என்ன பெயர்? போஸ்டர் எப்போது வரும்?

நினைத்த பெயரை ஏற்கெனவே யாரோ பதிவு செய்துவிட்டார்கள், வேறு தேடுகிறோம். போஸ்டர் போன வாரமே வந்திருக்க வேண்டியது. டிசைனர் தம்பிக்குக் கதை முழுவதும் சொல்லி, இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தேன். நடிகைகள் இன்னும் முடிவாகவில்லை, மாதிரிக்கு ஏதாவது செய்து அனுப்பு என்றேன். நெட்டில் கிடைத்த ஒரு மாடலின் உடம்பில் இன்னொரு பெண்ணின் முகத்தை ஒட்டி அனுப்பியிருந்தான். ஒட்டியது தெரியவே இல்லை அண்ணே, பாருங்க என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.